புதிதாகக் கிட்டார் கற்பவர்களுக்கு: வாசிப்பும் பராமரிப்பும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசையாகக் கிட்டார் வாங்கி, இரண்டு மூன்று மாதத்தில் அதை அலமாரி மேல் ஏற்றிவிட்டவர்களைக் கேட்டால் சொல்லும் காரணம் அநேகமாக ஒன்றுதான்: எனக்கு வரவில்லை. விரல் குட்டை, வயதாகிவிட்டது, இசை ஞானம் கிடையாது என்பார்கள். அந்தக் கிட்டாரை இறக்கித் தரச் சொல்லிப் பார்த்தால் பல நேரம் கதை வேறாக இருக்கிறது. தந்தியெல்லாம் துரு, கழுத்து வளைந்திருக்கும், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்துக்குக் குறுக்கே பதித்த கம்பிகள் பிரிக்கும் கட்டங்களில் ஒன்று) தந்திக்கும் விரல் பலகைக்கும் நடுவே சுண்டு விரல் நுழையும். பல வருடம் வாசித்தவருக்கே அதில் கை வலிக்கும். அதனால்தான் இங்கே கற்றுக்கொள்வதையும் கருவியைப் பார்த்துக்கொள்வதையும் ஒன்றாகவே எழுதியிருக்கிறேன், இரண்டும் எனக்குத் தனித்தனி விஷயமாகப் படவில்லை.

எந்த வகைக் கிட்டாரில் ஆரம்பிக்கலாம்?

உங்களுக்கு எந்த மாதிரி இசை பிடிக்குமோ அதற்கான கிட்டாரில் ஆரம்பியுங்கள். எலெக்ட்ரிக் ஆசை இருப்பவர் முதலில் அக்கூஸ்டிக்கில் கஷ்டப்பட்டுத்தான் வர வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு, அதில் எனக்கு உடன்பாடில்லை. எலெக்ட்ரிக்கில் தந்தி மெல்லியது, பலகைக்குப் பக்கத்தில் இருக்கும், விரலுக்கு அதுதான் சுலபம். நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டார் விரல் நுனிக்கு இதம், ஆனால் கழுத்து அகலம். எஃகுத் தந்தி போட்ட அக்கூஸ்டிக்கில் முதல் மாதம் கொஞ்சம் வலி இருக்கும், பாட்டுக்குத் துணையாக வாசிக்க அதுபோல வராது.

ஒரே ஒரு எச்சரிக்கை. கிளாசிக்கல் கிட்டாரில் எஃகுத் தந்தி போடாதீர்கள். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 40 கிலோ, சாதாரண எஃகுத் தந்திகள் சுமார் 70 கிலோ. அந்த இழுப்பைத் தாங்கும் கட்டுமானம் கிளாசிக்கல் கிட்டாருக்குக் கிடையாது, தந்திகளை உடலில் பிடித்துவைக்கும் பிரிட்ஜ் பிய்ந்துகொண்டு வரும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

நிறத்தையும் பளபளப்பையும் கடைசியில் பாருங்கள். முதலில் உடல் பக்கத்திலிருந்து கழுத்து நெடுக ஒரு கண்ணால் பாருங்கள், முறுக்கிக்கொண்டு போகிறதா என்று தெரியும். ஃப்ரெட் கம்பிகளின் ஓரத்தில் கையைத் தேய்த்துக்கொண்டே போங்கள், குத்தக் கூடாது. ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி ஒரு தடவை மீட்டுங்கள், ஐந்து நிமிடம்தான் ஆகும், எங்கேயாவது ஒலி செத்துப்போனால் அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் ஆக்‌ஷன், அதாவது தந்தி பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. எஃகுத் தந்தி அக்கூஸ்டிக்கில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த தந்திக்குக் கீழே இரண்டரை மில்லிமீட்டர் வாக்கில், மெல்லிய தந்திக்கு இரண்டு வாக்கில் இருந்தால் வாசிக்கலாம். கிளாசிக்கலில் மூன்றிலிருந்து நான்கு வரை இயல்பு. இதைவிட நிறைய உயரம் என்றால் நல்ல மெக்கானிக்கிடம் செட்டப் செய்துகொள்ள வேண்டிவரும், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

விரல் நுனி எரிகிறது. எத்தனை நாள் இப்படி?

பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் நுனித்தோல் தடித்துவிடும். அதுவரை ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல், பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து வாசியுங்கள். குளித்த கையோடு வாசிக்க உட்கார வேண்டாம், ஊறிய தோல் சீக்கிரம் கிழியும்.

தோல் எரிவது இயல்புதான். மணிக்கட்டு வலி, கட்டைவிரல் அடியில் வலி, விரல் மரத்துப்போவது இதெல்லாம் இயல்பு கிடையாது. நிறுத்திவிட்டு நீங்கள் உட்காரும் விதத்தைப் பாருங்கள், மணிக்கட்டு கூர்மையாக மடங்கியிருக்கும், இல்லையென்றால் தேவைக்கு இரண்டு மடங்கு அழுத்துகிறீர்கள். எவ்வளவு அழுத்தம் போதும் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. விரலைத் தந்தி மேல் சும்மா வைத்து மீட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். முதலில் ‘டப் டப்’ என்று மொட்டையாகக் கேட்கும், அப்புறம் இரைச்சல், அப்புறம் ஒரு கட்டத்தில் ஒலி தெளியும். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் வேண்டியது. விரல் ஃப்ரெட் கம்பிக்குப் பின்னால் அதை ஒட்டி இருந்தால் இன்னும் குறைவாகவே போதும். இரண்டு கம்பிக்கும் நட்டநடுவில் அழுத்துவதால்தான் பலருக்கு வலியும் வருகிறது, ஒலியும் கெடுகிறது.

முதல் மாதம் என்ன பழகுவது?

ஈ மைனர், ஏ மைனர், டி, ஜி, சி. ஐந்து கார்ட், அதாவது பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் பிடிகள், போதும். மீட்டுவதற்கு ஒரே ஒரு தாளம், நான்கு எண்ணிக்கைக்கு நான்கு தடவை கீழ்நோக்கி. இது சலிப்பாகத் தெரியும், ஆனாலும் கார்ட் மாறும்போது தாளம் நிற்காமல் ஓடுவதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் ஒன்று உண்டு, அடுத்த கார்டில் விரல் உட்காரும் வரை மீட்டும் கையும் காத்திருக்கும். அதை மாற்றுங்கள். மீட்டும் கை கடிகாரம் மாதிரி போய்க்கொண்டே இருக்கட்டும், இடது கை நேரத்துக்கு வந்து சேரவில்லையென்றால் விரல் அழுத்தாத திறந்த தந்திகள் ஒலிக்கட்டும், பரவாயில்லை. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 வைத்து ஆரம்பியுங்கள். அதுவும் வேகமாக இருந்தால் 50. மெதுவாக வாசிப்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை, தவறாகப் பழகிய வேகத்தைப் பிறகு அவிழ்ப்பதுதான் பெரும்பாடு.

கார்ட் மாற்றம் வேகமாகவே வரவில்லையே?

இரண்டே இரண்டு கார்டை எடுத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மாற்ற முடிகிறது என்று எண்ணி, தேதி போட்டு எழுதி வையுங்கள். முதல் நாள் எட்டு வரும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அந்த எண்ணே உங்களுக்குத் தைரியம் சொல்லும். மாற்றும்போது எந்த விரல் அசையாமல் இருக்கலாம் என்று தேடுங்கள். ஏ மைனரிலிருந்து சி போகும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கும், மோதிர விரல் மட்டும்தான் நகர வேண்டும். இது தெரியாமல் மூன்று விரலையும் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

எஃப் கார்ட் ஒலிக்கவே மாட்டேன் என்கிறது. எனக்கு விரல் பலம் போதாதா?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. ஒரு விரலால் ஆறு தந்தியையும் முதல் ஃப்ரெட்டில் அழுத்த வேண்டிய கார்ட் இது, பார் கார்ட் என்பார்கள். கிட்டாரில் பார் பிடிக்க மிகக் கடினமான இடம் முதல் ஃப்ரெட்தான், ஏனென்றால் நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் சின்னப் பட்டை, பக்கத்திலேயே இருப்பதால் அங்கே தந்தி விறைப்பாக நிற்கும். அதே வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்துப் பாருங்கள், ஏ கார்ட் வரும், பாதி பலம் போதும். அங்கே பழகிக்கொண்டு வாரத்துக்கு ஒரு ஃப்ரெட்டாக இறங்கி வாருங்கள். ஆள்காட்டி விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கமாகச் சற்றே உருட்டி, எலும்பு இருக்கும் ஓரத்தால் அழுத்துங்கள். அதுவரை பாட்டுக்கு எஃப் மேஜர் 7 போதும், நான்கு தந்தி மட்டும் மீட்டலாம்.

ஆனால் இதெல்லாம் செய்யும் முன் நட்டைப் பாருங்கள். தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தி, பதினாறு வயது, நான்கு மாதமாக எஃப் வரவில்லை என்று அழுகிற நிலைக்கு வந்திருந்தாள். தினமும் பழகுகிற பிள்ளை. அவள் கிட்டாரை மடியில் வைத்து, ஒவ்வொரு தந்தியையும் இரண்டாவது மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நடுவே அழுத்தி, முதல் ஃப்ரெட் கம்பி மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்த்தேன். அங்கே மயிரிழை அளவுதான் இருக்க வேண்டும், தந்தியைத் தட்டினால் ‘டிக்’ என்று லேசாகக் கம்பியைத் தொடும். அவளுடையதில் ஒரு தாளை நாலாக மடித்து நுழைக்க முடிந்தது. நட்டில் தந்தி உட்காரும் பள்ளங்களைத் தொழிற்சாலையில் போதுமான ஆழம் அறுக்கவே இல்லை. மெக்கானிக் சின்ன அரம் வைத்து அரை மணி நேரத்தில் சரிசெய்து தந்தார். அடுத்த நாள் சாயங்காலம் எஃப் ஒலித்தது, முழுசாக, ஆறு தந்தியும். நான்கு மாதம் அந்தப் பெண் தன் விரலைத்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்கு இப்போது நினைத்தாலும் ஆற்றாமையாக இருக்கிறது.

நட்டை நீங்களே அறுக்கப் போக வேண்டாம். கொஞ்சம் ஆழம் கூடிவிட்டால் திறந்த தந்தி இரையும், புது நட்தான் போட வேண்டும்.

கை சின்னது, விரல் குட்டை. கிட்டார் நமக்கு ஆகுமா?

ஆகும். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கலைஞர் 1928இல் தீ விபத்தில் சிக்கி, இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் கிட்டத்தட்டப் பயனில்லாமல் போனவர், தனி வாசிப்பு முழுவதையும் இரண்டே விரலால் வாசித்தார். ராக் கிட்டார் கலைஞர் டோனி அயோமி இளம் வயதில் தொழிற்சாலை வேலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்து, நுனிக்கு உறை செய்து போட்டுக்கொண்டு வாசித்தவர். உங்கள் கைக்குப் பொருந்தும் கிட்டாரைத் தேடுங்கள், முக்கால் அளவிலும் நல்ல கிட்டார்கள் கிடைக்கின்றன. தந்தி நீளம் குறைந்தால் ஃப்ரெட்டுகள் நெருங்கும், இழுப்பும் குறையும்.

இடது கைக்காரர் எப்படி வாசிப்பது?

இரண்டு வழியும் உண்டு. ராக் கலைஞர்களில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலக்கைக் கிட்டாரைத் திருப்பித் தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார், இடது கைப் பழக்கமுள்ள மார்க் நாப்ளர் வலக்கைக்காரர் மாதிரியே வாசிக்கிறார். முதல் வாரம் இரண்டு விதமாகவும் பிடித்துப் பார்த்து எது இயல்பாக இருக்கிறதோ அதில் போங்கள். சும்மா தந்தியை மட்டும் மாற்றிக் கட்டினால் போதாது, நட்டின் பள்ளங்களும் சாடிலின் (பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் பட்டை) சாய்வும் எதிர்ப்பக்கமாக இருக்கும், அவற்றையும் மாற்ற வேண்டும்.

டியூன் செய்த பத்து நிமிடத்தில் சுருதி விலகிவிடுகிறது. பெக் கெட்டுவிட்டதா?

பெக்கை, அதாவது தந்தியை முறுக்கும் திருகை, கடைசியில் சந்தேகப்படுங்கள். புதுத் தந்தி என்றால் இரண்டு மூன்று நாள் நெகிழத்தான் செய்யும். டியூன் செய்து, ஒவ்வொரு தந்தியையும் நடுவில் விரலால் மெல்லத் தூக்கி இழுத்துவிட்டு மறுபடி டியூன் செய்யுங்கள், நான்கைந்து முறையில் அடங்கிவிடும்.

அடுத்த காரணம் பெக்கில் சுற்றிய விதம். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பியிருந்தால் தந்தி நழுவிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, நட் பள்ளத்தில் தந்தி சிக்குவது. டியூன் செய்யும்போது ‘டிங்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டு, சுருதி திடீரென்று எகிறினால் இதுதான். தந்தியைத் தளர்த்திப் பள்ளத்தில் பென்சில் முனையால் நாலு தடவை தேயுங்கள், பென்சிலில் இருக்கும் கிராஃபைட் வழுக்கல் கொடுக்கும்.

எப்போதும் கீழேயிருந்து மேலே டியூன் செய்யுங்கள். சுருதி கூடிவிட்டால் அப்படியே இறக்கி நிறுத்தாமல், வேண்டியதற்கும் கீழே போய்விட்டு மறுபடி ஏற்றி நிறுத்துங்கள். பெக்கின் பற்சக்கரத்தில் இருக்கும் தளர்வு அப்போதுதான் இழுபட்டு நிற்கும்.

தடித்த தந்தியிலிருந்து வரிசை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. டியூனர் 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள், கை பட்டு 438, 442 என்று மாறியிருந்தால் தனியாக வாசிக்கும்போது தெரியாது, பாட்டோடு சேர்ந்து வாசித்தால் உறுத்தும். முதல் தந்தி எனப்படும் மிக மெல்லிய தந்தியை ஏற்றிக்கொண்டே போய் அறுத்துவிடுகிறவர்கள், டியூனர் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ஸ்தாயிக்குப் போகிறார்கள். அந்தத் தந்தி ஏறக்குறைய 330 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும்.

தந்தியை எப்போது மாற்றுவது, எப்படி?

விரலால் தந்தியின் அடிப்பக்கத்தைத் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால், விரலில் கறுப்புக் கறை ஒட்டினால், ஒலி மந்தமாகிவிட்டால் மாற்றுங்கள். தினமும் வாசிப்பவருக்கு இரண்டு மூன்று மாதம். கை அதிகம் வியர்ப்பவருக்கு அதற்கும் முன்னால். பழைய தந்தியில் சுருதியும் சரியாக நிற்காது, நம் காதுதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

புதியவர்கள் அக்கூஸ்டிக்குக்கு 10 அல்லது 11இல் ஆரம்பிக்கும் செட் கேளுங்கள். அந்த எண் மெல்லிய தந்தியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 12 ஒலி நிறைவாக இருக்கும், விரல் தயாரான பிறகு போகலாம்.

அக்கூஸ்டிக்கில் மாற்றும்போது, முதலில் தந்தியை நன்றாகத் தளர்த்துங்கள். இழுப்போடு இருக்கும் தந்தியை வெட்டினால் துள்ளி முகத்தில் அடிக்கும். பிரிட்ஜ் பின்னைப் பிடுங்கி, புதுத் தந்தியின் உருண்டை முனையை உள்ளே விட்டு, பின்னின் காடி தந்தியைப் பார்க்கிற மாதிரி செருகுங்கள். அப்புறம் முக்கியமானது: பின்னை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு தந்தியை மேலே இழுங்கள். உள்ளே உருண்டை மரத்தில் போய் ‘டொக்’ என்று உட்காருவது கைக்குத் தெரியும். அது தெரியாமல் டியூன் செய்ய ஆரம்பித்தால் பாதியில் பின் தெறிக்கும். பெக் பக்கம், அடுத்த பெக் வரைக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்று அதிகமாகத் தந்தியை விட்டுக்கொண்டு சுற்றுங்கள், ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குக் கீழே இறங்க வேண்டும். தடித்த தந்திக்கு இரண்டு சுற்று, மெல்லியதற்கு மூன்று. மிச்சத்தை வெட்டி முனையை மடக்கிவிடுங்கள், வெட்டிய துண்டுகளை அங்கங்கே போட்டுவிடாதீர்கள், காலில் ஏறினால் எடுப்பது கஷ்டம்.

சில இடத்தில் மட்டும் ‘ட்ர்ர்’ என்று இரைகிறது?

எங்கே இரைகிறது என்பதுதான் விடை. திறந்த தந்தி மட்டும் இரைந்தால் நட் தேய்ந்திருக்கும். முதல் நான்கைந்து ஃப்ரெட்டில் என்றால் கழுத்து பின்பக்கம் வளைந்திருக்கலாம். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த கம்பி எழும்பியிருக்கும். மேலே பன்னிரண்டைத் தாண்டி என்றால் சாடில் ரொம்பத் தாழ்வு.

கழுத்துக்குள் டிரஸ் ராட் என்று ஒரு எஃகுக் கம்பி ஓடுகிறது, தந்திகளின் இழுப்புக்கு எதிராகக் கழுத்தைத் தாங்குவது அதன் வேலை. அதைத் திருக வேண்டிவந்தால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது, திருகிவிட்டு ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கஷ்டப்பட்டுத் திரும்பினால் விட்டுவிடுங்கள். பயமாக இருந்தால் தொடவே வேண்டாம், கழுத்தை உடைத்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

வெயில், ஈரம் இதெல்லாம் கிட்டாரை என்ன செய்யும்?

மரம் வெட்டப்பட்ட பிறகும் ஈரத்தை வாங்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 45லிருந்து 55 சதவீதம் வரை இருப்பது கிட்டாருக்கு நல்லது. ரொம்ப வறண்டால் பலகை சுருங்கும், ஃப்ரெட் கம்பியின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் குத்தும், முகப்பு பிளக்கவும் செய்யலாம். ஈரம் கூடினால் முகப்பு உப்பி ஆக்‌ஷன் உயரும், நேற்று சுலபமாக இருந்த கிட்டார் இன்று கனமாகத் தெரியும்.

சூடு இதைவிட மோசம். என் முதல் கிட்டாரை ஒரு மதியம் முழுக்கப் பூட்டிய காருக்குள் விட்டிருந்தேன். எடுத்தபோது வெளியே ஒன்றும் தெரியவில்லை, நான்கைந்து நாள் கழித்து ஆக்‌ஷன் ஏறிக்கொண்டே போனது. விளக்கு வெளிச்சத்தில் பிரிட்ஜின் பின்விளிம்பைப் பார்த்தால் அடியில் ஒரு கறுப்புக் கோடு, அதில் தாள் ஒன்று சொருகினால் உள்ளே போகிறது. பசை இளகி பிரிட்ஜ் தூக்கிக்கொண்டிருந்தது. உடனே தந்திகளைத் தளர்த்திக் கொண்டுபோய்க் கொடுத்ததால் மறுபடி ஒட்ட முடிந்தது, அப்படியே வாசித்துக்கொண்டிருந்தால் முகப்பு மரத்தையும் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். உங்கள் கிட்டாரிலும் இடையிடையே அந்த விளிம்பைப் பாருங்கள்.

எதைப் போட்டுத் துடைப்பது?

வாசித்து முடித்ததும் உலர்ந்த மென்மையான துணி, அவ்வளவே. தந்தியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்தால் தந்தியின் ஆயுள் கூடுவது கண்கூடாகத் தெரியும். வீட்டில் கண்ணாடி துடைக்கும் திரவம், சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். ரோஸ்வுட், எபனி மாதிரி பூச்சில்லாத விரல் பலகைக்கு, வருடம் ஒன்றிரண்டு தடவை தந்தி மாற்றும்போது அதற்கென்று விற்கும் எண்ணெயில் சில சொட்டு தடவி உடனே துடைத்துவிடலாம். வார்னிஷ் பூசிய மேப்பிள் பலகைக்கு எண்ணெய் தேவையில்லை.

வாசிக்காத நேரத்தில் தந்தியைத் தளர்த்தி வைக்கணுமா?

தினமும் வாசித்தால் வேண்டாம். கழுத்து அந்த இழுப்புக்கென்றே செய்யப்பட்டது. மாதக்கணக்கில் தொடப்போவதில்லை, விமானத்தில் அனுப்புகிறீர்கள் என்றால் ஒன்றிரண்டு சுரம் இறக்கி வையுங்கள். கேப்போவை (கழுத்தில் மாட்டி எல்லாத் தந்தியையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்தும் கிளிப்) மட்டும் வாசித்ததும் கழற்றிவிடுங்கள்.

ஆம்ப், கேபிள், பிக்கப் உள்ளவர்களுக்கு?

பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதி, உள்ள பெரும்பாலான அக்கூஸ்டிக் கிட்டார்களில் கேபிளைச் செருகினாலே உள்ளே பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும். வாசித்து முடித்துக் கேபிளைப் பிடுங்காமல் விட்டால் 9 வோல்ட் பேட்டரி சீக்கிரமே காலி. வருடக்கணக்கில் தொடாத பேட்டரியையும் எடுத்துவிடுங்கள், கசிந்து உள்ளே அரிக்கும். ஆம்பில் வால்யூமைக் குறைத்துவிட்டே கேபிளைச் செருகுங்கள், பிடுங்குங்கள். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்கவே கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். கேபிளைச் சுற்றும்போது முழங்கையில் இறுக்கிச் சுற்றாமல் அதன் போக்கில் வளையமாகச் சுற்றுங்கள்.

நோட்டேஷன் படிக்கணுமா, டேப் போதுமா?

ஆரம்பிக்க டேப் போதும். ஆறு கோடு, ஆறு தந்தி, எண் என்பது ஃப்ரெட். அடியில் இருக்கும் கோடுதான் தடித்த தந்தி, இதில்தான் முதலில் எல்லோரும் குழம்புவார்கள்.

வீட்டில் பத்து வருடமாகக் கிடந்த கிட்டார். எடுத்து வாசிக்கலாமா?

தாராளமாக, ஆனால் எடுத்ததும் தந்தியை முறுக்காதீர்கள். முதலில் பழைய தந்தியைக் கழற்றுங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் தாள் நுழைகிறதா பாருங்கள். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் விரிசல் தேடுங்கள். விரல் பலகையைத் துடைத்து, ஃப்ரெட் கம்பியில் பச்சைப் படிவு இருந்தால் தேய்த்து எடுத்துவிட்டு, மெல்லிய செட் ஒன்று போட்டு முதல் நாள் இரண்டு சுரம் கீழேயே டியூன் செய்து ஒரு இரவு விடுங்கள். காலையில் வந்து பாருங்கள். எதுவும் அசையவில்லையென்றால் சரியான சுருதிக்கு ஏற்றி, ஈ மைனர் பிடித்து ஒரு தடவை மீட்டுங்கள், மரத்தில் காதை வைத்துக் கேளுங்கள்.